தனி சர்வர் என்று மாதாமாதம் பணம் கட்டினோம், அப்படி ஒரு சர்வரே இல்லை

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கம் சின்னதாக ஒரு வியாபாரமும் அதற்கொரு இணையதளமும் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால் போதும், அதே கதையோடு உங்களிடம் யார் வந்தாலும் பிடித்துவிடலாம்.

எங்களுக்கு மஞ்சக்குப்பத்தில் முந்திரி மொத்த வியாபாரம். மூன்று வருடமாக ஒரு வாடகை சர்வர் வைத்திருக்கிறோம். 2 ஜிபி ராம், உபுண்டு 22.04 இயங்குதளம், தளங்களை வெளியே கொடுக்கும் வெப் சர்வர் நிரலாக அப்பாச்சி. அதில் மூன்று தளங்கள் ஓடுகின்றன: எங்கள் கடையுடையது, புதுச்சேரியில் என் மைத்துனர் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ், அண்ணியின் தையல் பயிற்சி நிலையம். மூன்றுமே வேர்ட்பிரஸ், அதாவது பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட தள மென்பொருள். செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒரு நாளும் தொந்தரவு இருந்ததில்லை.

அண்ணன் மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். ப்ராஜெக்டுக்காக எங்கள் கடைக்கே ஒரு ஆர்டர் செயலியை பைத்தான் மொழியில் எழுதினாள், ஜாங்கோ என்ற கட்டமைப்பை வைத்து. ஸ்வீட் ஸ்டால்காரர்கள் உள்ளே வந்து 240 ரகம் எத்தனை கிலோ, 320 ரகம் எத்தனை கிலோ, அன்றைய விலை என்ன என்று பார்த்து ஆர்டர் போடலாம். நன்றாகவே செய்திருந்தாள். அதை சர்வரில் ஏற்றும் வேலை மட்டும் அனுபவம் உள்ளவரிடம் போகட்டும் என்று, தெரிந்தவர் ஒருவர் சொல்லி புதுச்சேரியில் ஒருவரைப் பிடித்தோம்.

வந்தவர் சர்வரைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "அப்பாச்சி பிஎச்பிக்கு மட்டும்தான் சார். பைத்தானையும் இதுலயே போட்டா மத்த மூணு சைட்டும் படுத்துடும். தனி சர்வர் எடுத்தே ஆகணும்." பக்கத்தில் இருந்த அண்ணன் மகள், "சித்தப்பா, ரெண்டும் சேர்ந்து ஓடும்னுதான் நான் படிச்சேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "காலேஜ்ல படிக்கிறது வேற பாப்பா, லைவ் சர்வர் வேற" என்றார். நானும் அவர் பக்கமே தலையாட்டினேன். பணம் போனதைவிட அதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஏற்றிக் கொடுக்க 18,000 ரூபாய். தனி சர்வருக்கு மாதம் 2,200. தளத்துக்குப் பாதுகாப்பான (எச்டிடிபிஎஸ்) இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு வருடம் 4,500. தன் கணக்கிலேயே சர்வர் எடுத்து நிர்வகிப்பதாகச் சொன்னார். அப்படியானால் எங்கள் சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டை ஏன் கேட்கிறார் என்று அப்போது யோசிக்கவில்லை. டொமைனில் ஏதோ சேர்க்க வேண்டும், பழைய தளத்திலிருந்து இணைப்பு கொடுக்க வேண்டும் என்றார், கொடுத்துவிட்டோம். தை மாதம் ஆர்டர் தளம் ஓட ஆரம்பித்தது. ஓடியது, அதில் பொய்யில்லை. ஒன்பது மாதம் ஜிபேயில் பணம் அனுப்பினேன். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முந்திரிக்காரனுக்கு வருடத்தில் அதைவிடப் பெரிய வாரம் கிடையாது. சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனம், பராமரிப்புக்காக உங்கள் இயந்திரத்தை இரவு 2 மணிக்கு ரீபூட் செய்வோம் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. எங்கள் பழைய சர்வருக்குத்தானே என்று விட்டுவிட்டேன். காலையில் எழுந்தால் மூன்று தளங்களும் நன்றாக இருக்கின்றன, ஆர்டர் தளம் மட்டும் இல்லை. 503, அதாவது சேவை கிடைக்கவில்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம். ஸ்வீட் ஸ்டால்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்கிறார்கள். புதுச்சேரிக்காரர் போனை எடுக்கவில்லை.

அண்ணன் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சித்தப்பா, அது தனி சர்வர்னா, நம்ம சர்வர் ரீபூட் ஆனதுக்கு அது ஏன் நிக்கணும்?"

அந்தப் பிழைப் பக்கத்தின் அடியில் அப்பாச்சி 2.4.52, உபுண்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் சர்வரில் இருக்கும் அதே பதிப்பு. பிறகு ஒரு தளம் எந்த எண்ணுக்குப் போகிறது என்று காட்டும் பிங் கட்டளையால், கடைத் தளத்தையும் ஆர்டர் தளத்தையும் பிங் செய்து காட்டினாள். இரண்டுக்கும் ஒரே ஐபி எண், அதாவது இணையத்தில் சர்வரின் முகவரி. தனி சர்வர் என்று எதுவுமே இல்லை. எந்த சர்வரில் ஓடாது என்று சொன்னாரோ, அதே சர்வரில் ஒன்பது மாதமாக ஓட்டிக்கொண்டு, அதற்கு எங்களிடமே வாடகை வாங்கியிருக்கிறார்.

சேர்ந்து ஓடாது என்பது எவ்வளவு பெரிய பொய் என்று புரிய, வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருபவர்கள் 80, 443 என்ற இரண்டு வாசல்களில்தான் (போர்ட்) வருவார்கள். ஒரு ஐபி எண்ணில் ஒரு வாசலில் ஒரு நிரல்தான் உட்கார முடியும், அது உண்மை. ஆனால் வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் எந்தத் தளத்துக்கு வந்தேன் என்று பெயர் சொல்லிக்கொண்டுதான் வரும். வாசலில் இருக்கும் அப்பாச்சி பெயரைப் பார்த்து அந்தந்த அறைக்கு அனுப்பும். எங்கள் மூன்று தளங்களும் ஒரே சர்வரில் இருந்ததே அப்படித்தான். நான்காவதாக பைத்தான் வந்தால், அது உள்ளுக்குள் 8000 போன்ற ஓர் எண்ணில் காத்திருக்கும். அப்பாச்சி கோரிக்கையை அங்கே தள்ளிவிட்டு, பதிலை வாங்கி வெளியே கொடுக்கும். இதற்கு அமைப்புக் கோப்பில் பத்துப் பதினைந்து வரி. பைத்தான் செயலிகள் வெப் சர்வரோடு பேசுவதற்கான டபிள்யூஎஸ்ஜிஐ என்ற பொது முறையே 2003-இல் எழுதப்பட்டுவிட்டது. இதில் புதுமையோ ரகசியமோ எதுவும் கிடையாது. அவரே அந்த வரிகளைத்தான் எழுதியிருந்தார், அதுவும் சரியாக. ஆக, தெரியாமல் சொன்ன பொய் அல்ல.

மற்றதெல்லாம் அவ்வளவு சரியாக இல்லை. ஜாங்கோவோடு வரும் ரன்சர்வர் என்பது எழுதும்போது சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும். நிஜப் பயன்பாட்டுக்கு வைக்காதீர்கள் என்று ஜாங்கோ ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. அதைத்தான், ஆள் வெளியேறிய பிறகும் ஓட வைக்கும் ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் கையால் ஓடவிட்டு வெளியேறியிருக்கிறார். ரீபூட் ஆனால் அப்பாச்சி தானாக எழும், இது எழாது. 503 வந்தது அதனால்தான். அதைவிட மோசம், ரூட் பயனராக ஓடவிட்டிருந்தார். செயலியில் ஓர் ஓட்டை இருந்தால் போதும், மைத்துனரின் முன்பதிவு விவரம் உட்பட மொத்த இயந்திரமும் போய்விடும். எழுதும்போது பிழை தேடுவதற்கான டீபக் வசதி அணைக்கப்படவில்லை. ஏதாவது பிழை வந்தால் எங்கள் நிரல் வரிகளும், அந்த நேரத்தில் வாடிக்கையாளர் நிரப்பிய விவரமும் திரையில் கொட்டும். 8000 வாசல் நேரடியாக வெளியுலகத்துக்குத் திறந்து கிடந்தது, அந்த வழியில் எச்டிடிபிஎஸ் பாதுகாப்பும் கிடையாது. போட்டோ பதிவேறவில்லை என்று ஒருமுறை புகார் சொன்னோம், அதற்கு அந்த அடைவுக்கே 777, அதாவது எந்தப் பயனரும் எதையும் மாற்றலாம் என்ற அனுமதி கொடுத்து முடித்திருக்கிறார்.

4,500 ரூபாய் எஸ்எஸ்எல், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ். 2015 கடைசியிலிருந்து உலகம் முழுக்க இலவசமாகத் தருகிறார்கள். காலாவதி ஆவதற்கு முன்பே செர்ட்பாட் என்ற நிரல் தானே புதுப்பித்துக்கொள்ளும். அமைத்துத் தந்ததற்குக் கூலி கேட்டிருந்தால் தந்திருப்போம். சான்றிதழின் விலை என்று சொல்லித்தான் வாங்கினார்.

18,000-த்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏதோ வேலை செய்தார். இல்லாத சர்வருக்கு ஒன்பது மாதம், 19,800. இலவசச் சான்றிதழுக்கு 4,500. மொத்தம் 24,300 ரூபாய்.

நானும் மைத்துனரும் பைக்கில் தவளக்குப்பம் வழியாக நேரிலேயே போய்ப் பார்த்தோம். முதலில், "தனி சர்வர்னா தனி ப்ராசஸ்னு அர்த்தம் சார்" என்றார். ஐபி எண்ணைக் காட்டியதும் குரல் மாறியது. "இப்ப நான் கை வைக்கலைன்னா உங்க தீபாவளி ஆர்டர் போயிடும், யோசிச்சுக்கங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரிடம் பேச ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டோம். பணம் திரும்ப வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசியிருக்கிறேன். புகாரை நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம், கடலூரிலேயே முடியும். ஆனால் வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் வாதம் வரும், சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்று காட்ட வேண்டும். கையில் ரசீது இல்லை, ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கின்றன. அவற்றைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.

செயலியை அண்ணன் மகளும் அவளுடைய சீனியர் ஒருவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்தார்கள். செயலிக்கென்று அதிகாரம் குறைந்த தனிப் பயனர், அதன் பைத்தான் தொகுப்புகளுக்குத் தனி இடமாக விர்ச்சுவல் என்வ். ரன்சர்வருக்குப் பதில் நிஜப் பயன்பாட்டுக்கான குனிகார்ன், அதுவும் 127.0.0.1-இல், அதாவது அதே இயந்திரத்துக்குள்ளிருந்து வருவதை மட்டும் கேட்கும்படி. ரீபூட் ஆனாலும் தானாக எழ, நிரல்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவை. டீபக்கை அணைத்ததும் பக்கம் வண்ணமே இல்லாமல் மொட்டையாக வந்தது, எனக்குப் பகீரென்றது. வண்ணம், வடிவம் தரும் ஸ்டாட்டிக் கோப்புகளைத் திரட்டி அப்பாச்சியே நேரடியாகக் கொடுக்கும்படி வைத்த பிறகு சரியானது. அப்பாச்சியில் எதைத் தொட்டாலும் முதலில் அமைப்புக் கோப்பில் பிழை இருக்கிறதா என்று கான்ஃபிக்டெஸ்ட் போட்டுப் பார்த்து, பிறகுதான் நிறுத்தாமலே ரீலோட் செய்தார்கள். மற்ற மூன்று தளங்களும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கடைசியில் எல்லா பாஸ்வேர்டும் ஜாங்கோவின் ரகசியச் சாவியும் மாற்றினோம். தூரத்திலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய அனுமதிக்கும் ரூட்டின் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் அந்த ஆளின் சாவி அப்படியே இருந்தது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தால் அவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். இதை மட்டும் தயவுசெய்து மறக்காமல் பாருங்கள்.

தனி சர்வர் என்று யாராவது பணம் கேட்டால், வாடகை நிறுவனத்தின் பில்லை உங்கள் பெயரில் கேளுங்கள். பழைய தளம், புதிய தளம் இரண்டையும் பிங் செய்து எண்ணைப் பாருங்கள், அதற்குப் படிப்பெல்லாம் தேவையில்லை. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கண் முன்னாலேயே சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யச் சொல்லுங்கள். எழுந்து வரட்டும், பிறகு பணம்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, அந்த ஆளை எங்களுக்கு அறிமுகம் செய்த நெல்லிக்குப்பத்து நண்பருக்குப் போன் போட்டேன். அவரும் ஒன்றரை வருடமாகத் தனி சர்வர் என்று மாதம் 2,000 கட்டுகிறாராம். இரண்டு முகவரியையும் அனுப்பச் சொன்னேன். அண்ணன் மகள் பிங் செய்து பார்த்தாள். ஒரே எண்.