பேல் ஏல்: பல வருடப் பழக்கத்தில் புரிந்தவை

சிறிய ஆலைகள் தயாரிக்கும் கிராஃப்ட் பீரில் பேல் ஏல் என்ற வகையைப் பல வருடங்களாகக் குடித்து வருகிறேன். இப்போதெல்லாம் பாட்டிலைக் கையில் எடுத்ததும் அடைத்த தேதியைத்தான் முதலில் தேடுகிறேன். யார் தயாரித்தது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். ஒரே பீரை அடைத்த சில வாரங்களுக்குள் ஒரு முறையும், அரை வருடம் வெளியே கிடந்த பிறகு ஒரு முறையும் குடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பவே முடியாது.

எனக்கு அளவுகோல் சியரா நெவாடா பேல் ஏல். 1980இல் கலிஃபோர்னியாவின் சீக்கோவில் தயாரிக்கத் தொடங்கிய பீர் இது. ஆல்கஹால் 5.6 சதவீதம். இதன் மணத்துக்குக் காரணம் காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் ரகம். 1972இல்தான் அமெரிக்காவில் அது சாகுபடிக்கு வந்தது. புதிதாக அடைத்த பாட்டிலைத் திறந்தால் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போல ஒரு வாசனை வரும். அதன் பின்னாலேயே பைன் மரப் பிசினின் மணம் லேசாகத் தெரியும். வாயில் வைத்தால் முதலில் ரொட்டியின் மேல்தோல் போன்ற மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சுவை, கொஞ்சம் இனிப்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு வருகிறது. அடிநாக்கில் நின்று, மெல்ல வறண்டு முடிகிறது. மால்ட் இனிப்பு இல்லாவிட்டால் அந்தக் கசப்பு வெறும் கசப்பாகிவிடும். சமீப காலமாக வரும் பல பேல் ஏல்களில் பழ வாசனையைக் கூட்டிக்கொண்டே போய் மால்ட்டை மறந்துவிடுகிறார்கள். முதல் மடக்கு அருமையாக இருக்கும், பாதி கிளாஸில் சலித்துவிடும்.

பேல் (வெளிறியது) என்ற பெயரைப் பார்த்து இளமஞ்சளை எதிர்பார்க்க வேண்டாம். பொன்னிறத்திலிருந்து செம்பு நிறம் வரை இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகை வராத கோக் கரியில் மால்ட்டை உலர்த்தத் தொடங்கினார்கள். அப்போதிருந்த கருத்த, புகை வாடை அடிக்கும் பீர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த மால்ட்டில் செய்த பீர் வெளுப்பு, அவ்வளவுதான். பின்னாளில் பர்ட்டன் என்ற ஊர் இந்த வகை பீருக்குப் பேர் போனது. அங்குள்ள தண்ணீரில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) அதிகம், அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும். இன்றும் மற்ற ஊர்களில் தயாரிப்பவர்கள் தண்ணீரில் ஜிப்சம் சேர்த்து அந்தக் கூர்மையைக் கொண்டுவருகிறார்கள்.

சரி, தேதிக்கு வருவோம். ஹாப்ஸின் கசப்பு பீரில் ஓரளவு தங்கிவிடும், மணம் அப்படித் தங்காது. அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் துளி ஆக்சிஜன் போதும், மணம் மங்க ஆரம்பித்துவிடும். சூட்டில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். முதலில் பழ வாசனை போகும். பிறகு தேன் போன்ற கனத்த இனிப்பு தலைகாட்டும். கடைசியில் நனைந்த அட்டைப் பெட்டி வாடை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பேல் ஏலுக்கென்று இருந்த எதுவும் அதில் மிச்சமிருக்காது. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் போனதை நான் எடுப்பதில்லை. குளிர்ச்சியில் வைக்காமல் அடுக்கி வைத்திருந்தால் அதைவிடப் புதிதாக இருந்தாலும் யோசிப்பேன்.

இன்னொரு எதிரி வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்தால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. அதன் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்துவிட்டால் மறக்க முடியாது. கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பச்சை பாட்டிலும் பெரிதாகக் காப்பாற்றாது, பழுப்பு பாட்டில் பெருமளவு தடுத்துவிடும், கேனுக்குள் வெளிச்சமே போகாது. கேனில் வந்தால் மட்டம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஹாப்ஸ் மணத்தை நம்பி நிற்கும் பீருக்குக் கேன்தான் சரி.

ஊற்றும் விதத்தில் பெரிய சடங்கு எதுவும் வேண்டாம். கேனிலிருந்தே குடிக்காமல் கிளாஸில் ஊற்றுங்கள், அது போதும். மூக்குக்கு எட்டாத மணத்தால் என்ன பயன்? கிளாஸைச் சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் உயரத்துக்கு நுரை கட்ட விடுவேன். ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கத்தில் குமிழ்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

குளிர்ச்சியிலும் கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தால் நாக்கு மரத்துப்போய் கசப்பு மட்டும் தெரியும். பத்து, பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் 7 முதல் 10 டிகிரி செல்சியஸுக்கு வரும். மால்ட் அப்போதுதான் வாய் திறக்கும். உறைபனி பூத்த கிளாஸ் இந்த பீருக்கு வேண்டவே வேண்டாம்.

பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் வேலை செய்யும்படி அடைத்த பீர் என்றால் அடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். நிறுத்தி வைத்திருந்து, கடைசி ஒரு விரல் அளவை மட்டும் பாட்டிலிலேயே விட்டு ஊற்றினால் தெளிவாக வரும். அந்த மிச்சத்தையும் சேர்த்துக் குடித்தால் கசப்பு கொஞ்சம் மழுங்கி ரொட்டி வாசனை கூடும். எனக்குத் தெளிவாக ஊற்றுவதுதான் பிடிக்கும்.