ஓட்டோசிங்க்லஸ்: வயிற்றைப் பார்த்து வாங்க வேண்டிய மீன்

செடிகள் வளரும் என் கண்ணாடித் தொட்டியில் இலைகளின் மீது படிந்திருந்த பழுப்புப் பாசியை நீக்குவதற்காக ஆறு ஓட்டோசிங்க்லஸ் மீன்களை வாங்கினேன். தென் அமெரிக்க நன்னீர் ஆறுகளுக்கு உரிய இந்தக் கெளுத்தி ஏறத்தாழ 5 செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், பாசி தின்னும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனோ 30 செ.மீ.க்கு மேல் வளர்ந்து சிறிய தொட்டியில் உடலைத் திருப்பக்கூட இடமின்றித் தவிக்கும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. உறிஞ்சும் வாயால் இலையின் இரு புறமும் ஒட்டிக்கொண்டு, மெல்லிய தண்டுகளுக்குக்கூடச் சேதம் விளைவிக்காமல், ஒரே வாரத்தில் பழுப்புப் படலத்தைச் சுரண்டித் தின்றுவிட்டன. ஆனால் கறுப்புத் தாடிப் பாசியை அவை சீண்டவே இல்லை. கண்ணாடியில் இறுகிய பச்சைப் புள்ளிகளையும் நானேதான் சுரண்ட வேண்டியிருந்தது.

என் குறை மீனைப் பற்றியதன்று, அது விற்கப்படும் முறையைப் பற்றியது. சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடிக்கப்பட்டு, நெடுந்தொலைவு பட்டினியாகப் பயணம் செய்தவை. ஒட்டிய வயிற்றோடு இருந்த இரண்டை நானும் கவனிக்காமல் வாங்கிவிட்டேன். பத்து நாள்களுக்குள் இரண்டும் இறந்தன. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிப்புறம் தெளிவாகத் தெரியும் என்பதால், வயிறு உருண்டிருக்கிறதா என்று பார்த்து எடுப்பது எளிது. மேலும், கடைக்கு வந்து ஓரிரு வாரமாகியும் நன்றாக உண்பவற்றையே இப்போது தேர்ந்தெடுக்கிறேன்.

பாசி தீர்ந்த பிறகுதான் உண்மையான செலவும் கவனமும் தொடங்குகின்றன. பாசி வில்லைகளையும் வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டுகளையும் இரவில் இடுகிறேன். என் மீன்கள் வெள்ளரியைத் தொடவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டன. மற்ற மீன்களின் கழிவை இவை தின்னும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவார்கள். அவ்வப்போது மேலெழும்பி ஒரு மிடறு காற்றை விழுங்குவதைக் கண்டு முதலில் அஞ்சினேன். விழுங்கிய காற்றிலிருந்து உணவுப் பாதை வழியாகவும் ஆக்சிஜனைப் பெறுவது இவற்றின் இயல்பு. எல்லா மீன்களும் ஓயாமல் மேலே வந்தால் மட்டும் நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அமைத்துச் சில மாதங்களாவது ஆகிப் பாசி பிடித்த, 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை வெப்பம் நிலைத்திருக்கும் தொட்டி உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நேற்றுத் தொட்டி அமைத்தவருக்கு இதை விற்கும் கடைக்காரர் அந்த மீனைப் பட்டினிக்கு அனுப்புகிறார்.