லீசுக்கு வீடு எடுக்கிறீர்களா? ஆறு லட்சம் கொடுத்து ஏமாந்தவள் எழுதுகிறேன்

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, வாசலில் வயதான அம்மா ஒருவர் வந்து நின்றார். "ரெண்டு மாசமா வாடகை வரலை. நீங்க யாரும்மா என் வீட்ல?" என்றார். ஆறு லட்சம் ரூபாய் லீசுக்குக் கொடுத்து நாங்கள் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

எங்களுக்கு வீட்டைக் கொடுத்தவர் வேறொருவர். "வீடு எங்க அத்தை பேர்ல இருக்குக்கா. அவங்க பெங்களூர்ல பையன்கூட இருக்காங்க. பவர் எங்கிட்டதான்" என்றார். சொந்தக்காரருக்குப் பதிலாக வீட்டு விவகாரத்தைப் பார்க்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தைக் கேட்டதற்கு, பேங்க் லாக்கரில் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்றார். இ.பி. கார்டில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. சரி, அத்தைதான் என்று நம்பிவிட்டோம். சீட்டுப் பணம், அடகு வைத்த நகை எல்லாம் சேர்த்து நாலரை லட்சத்தை வங்கி வழியாகவும், அவர் கேட்டபடி ஒன்றரை லட்சத்தை ரொக்கமாகவும் கொடுத்தோம்.

அவர் சொன்ன 'அத்தை', அதாவது வாசலில் வந்து நின்ற அம்மா, பெங்களூரில் இல்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார். அவரிடமும் ஒரு ஒப்பந்தம் இருந்தது: அந்த ஆள் தன் குடும்பம் குடியிருக்க மாதம் 16,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தது, முன்பணம் ஒரு லட்சம், உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. நாலு மாத வாடகையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அதாவது வீட்டுக்காரரிடம் 1,64,000 ரூபாய் மட்டும் கொடுத்துவிட்டு, எங்கள் ஆறு லட்சத்தோடு போனை அணைத்துவிட்டார். அந்த அம்மா மேல் தப்பே இல்லை. எங்கள் பணம் அவர் கைக்குப் போகவும் இல்லை. பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை இருந்துகொள்ளச் சொன்னது அவருடைய நல்ல மனசு.

காவல் நிலையத்தில் புகார் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு முழுக்க அழுதேன். மறுநாள் ஒரு வக்கீல் அந்த மனுவைப் படித்துவிட்டுச் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. "பணத்தைத் திருப்பித் தரலைன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. வாங்கும்போது என்ன பொய் சொன்னான்னு ஒரு வரிகூட இல்லையேம்மா" என்றார்.

வாங்கின பணத்தைத் திருப்பித் தராதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. பணத்தை வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஊரே 'நானூத்தி இருபது' என்று சொல்லும் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) ஆகியிருக்கிறது. ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உங்கள் சம்பவம் அந்தத் தேதிக்கு முந்தியது என்றால் பழைய 420தான். உண்மையைக் கெட்ட எண்ணத்தோடு மறைப்பதும் ஏமாற்றுவதுதான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

எங்கள் வழக்கில் அந்த எண்ணத்தைக் காட்டியது இரண்டு தேதிகள். வீட்டுக்காரரோடு அவர் ஒப்பந்தம் போட்டது அக்டோபர் 24. எங்களோடு போட்டது நவம்பர் 3. சொந்தக் குடித்தனத்துக்கு என்று எழுதிக் கொடுத்த பத்தாவது நாளே தன்னிடம் பவர் இருப்பதாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்து, நாள்வாரியாக மனுவைத் திருத்தி எழுதினோம். ரொக்கத்துக்கு ரசீது இல்லை, "1.5 வந்துச்சுக்கா" என்று அவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு வரிதான் மிச்சம். நல்லவேளை அதை நான் அழிக்கவில்லை.

இந்த முறை புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இதே ஆளிடம் ஏமாந்த இன்னும் மூன்று குடும்பங்கள் கிடைத்த பிறகு எஃப்.ஐ.ஆரும் பதிவானது. அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் பதிய மறுத்தால் மனுவைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால், பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173, 175 பிரிவுகளில் இந்த வழி இருக்கிறது.

பணம் இன்னும் வரவில்லை. குற்ற வழக்கு அவருக்குத் தண்டனை வாங்கித் தரலாம். பணத்துக்குத் தனியாக சிவில் வழக்கும் போட்டிருக்கிறோம்.

லீசுக்குப் பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்த வீட்டின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். அதில் இருக்கும் பெயருக்குரிய ஆளை நேரில் பார்த்துப் பேசுங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். பவர் என்று சொன்னால், பதிவான பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வீடே வேண்டாம். நாங்கள் போட்டது வெறும் முத்திரைத்தாளில், அவர் சொன்ன இடத்தில் டைப் அடித்தது.

சென்னையில் 'அத்தை வீடு, பவர் எங்கிட்ட' என்று சொல்லி உங்களிடமும் யாராவது லீசுப் பணம் வாங்கியிருந்தால், தனியாகப் போய் நிற்காதீர்கள். நாங்கள் நாலு குடும்பம் இருக்கிறோம். உங்கள் ஒப்பந்தத் தேதியையும் வீட்டுக்காரரின் ஒப்பந்தத் தேதியையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள்.