பில்லில் புது பிரேக் பேட், காலிப்பரில் பழசு

சேலத்தில் பைக்கை சர்வீஸுக்கு விடுகிறவர்கள், அதிலும் ஏற்காடு, கொல்லிமலை என்று அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். என் பைக்கின் முன் பிரேக்குக்குப் புது பேட் போட்டதாக ஒரு கடையில் காசு வாங்கிக்கொண்டு, தேய்ந்த பழைய பேடையே உப்புத்தாளில் உரசித் திரும்ப மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பில்லில் முன் பிரேக் பேட் செட் 460 ரூபாய், பிரேக் ஆயில் டாப்-அப் 60 ரூபாய், லேபர் தனி. பழைய பேட் எங்கே என்று கேட்டேன். "இப்பத்தான் சார் குப்பை வண்டி வந்துட்டுப் போச்சு" என்றார் கவுண்டரில் இருந்தவர். புது பேட் வந்த அட்டையும் அதே வண்டியில் போய்விட்டதாம். அந்த டாப்-அப் வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குட்டு உடைந்தது அதில்தான்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியதும் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் கர்ரென்று இரும்பும் இரும்பும் உரசும் சத்தம். லீவர் வழியாகக் கைக்கே அதிர்வு தெரிந்தது. பின்னால் மனைவி. இரண்டாவது கியரிலேயே வைத்து, பின் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, அடிவாரம் வரை ஊர்ந்துதான் வந்தோம். வண்டியில் ஏபிஎஸ் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயம். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. பேடின் மேல் ஒட்டியிருக்கும், உரசித் தேய்கிற லைனிங்கே இல்லையென்றால் அது என்ன செய்யும்?

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் இருபுறமும் பேடை அழுத்துகிற காலிப்பரைக் கழற்றி, பேடை வெளியே எடுத்துப் பார்த்தவர், "இதைப் புதுசுன்னு யாரு தம்பி சொன்னது?" என்று கேட்டார். உள்பக்க பேடில் லைனிங் முழுக்கப் போய் இரும்புத் தகடு தெரிந்தது. வெளிப்பக்க பேடில் மட்டும் கொஞ்சம் மிச்சம், அதன் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாள் கீறல். உள்பக்க பேடின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பெயிண்ட் உரிந்த தகட்டில், பேடைத் தள்ளும் பிஸ்டன் அழுத்தி அழுத்தி வட்டமாக ஒரு தடம். "புது பேடுல இந்த வட்டம் எப்படி வரும்? மாசக்கணக்கா ஓடினாத்தான் வரும்." விளிம்பெல்லாம் காய்ந்த கருப்புத் தூசி வேறு.

புது பேடை மாட்டுவதற்கு, பிரேக் ஆயில் இருக்கும் கப்பின் மூடியைத் திறந்துவிட்டு பிஸ்டனை உள்ளே தள்ளினார். ஆயில் பொங்கி டேங்க் மேல் வழிந்தது. அவரிடம் வேலை பார்க்கும் பையன் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினான், பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் போய்விடும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால் கப்பில் அளவு குறையும். புது பேட் போட்டால் பிஸ்டன் பின்னுக்குப் போய் ஆயில் தானாகவே மேலே ஏறிவிடும். எங்கும் கசிவில்லாத வண்டிக்குப் புது பேடும் போட்டு டாப்-அப்பும் செய்தேன் என்று பில் வந்தால், இரண்டில் ஒன்று பொய். என் வண்டியில் பழைய பேட் இருந்தபடியே ஆயிலை நிரப்பியிருக்கிறார்கள், அதுதான் பொங்கியது.

உள் பேட் மட்டும் அப்படித் தேய்ந்ததற்கும் காரணம் உண்டு. காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் காய்ந்து இறுகிக் கிடந்தது. அது இறுகினால் பிஸ்டன் பக்கத்து பேட் மட்டுமே வேலை செய்யும். 'கிளீனிங்' என்று பில்லில் ஒரு வரி போட்டவர்கள் அந்தப் பின்னைத் தொடவே இல்லை. அதற்கு சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும், சாதா கிரீஸ் பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பரைக் கெடுத்துவிடும்.

டிஸ்க்கும் போச்சு. நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்கு வரி வரியாகக் கோடு. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்ததில் அதற்கும் கீழே போயிருந்தது. 460 ரூபாய் பேடை ஏமாற்றியதில் 1,700 ரூபாய் டிஸ்க் காலி.

டிரம் பிரேக் தேய்ந்தால் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும், காலுக்கே தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பேட் கடைசி வரை தேய்ந்தாலும் லீவர் ஏறக்குறைய பழையபடியேதான் இருக்கும். அதனால் நேரில் பார்த்தே ஆக வேண்டும். மொபைல் டார்ச்சைக் காலிப்பருக்குள் அடித்து இரண்டு பேடையும் பாருங்கள், வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். பெரும்பாலான பேடில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும், அது மறைந்துவிட்டால் மாற்றும் நேரம். சர்வீஸுக்கு விடும்போதே "பழைய பேடும் புது பேடோட அட்டையும் எனக்கு வேணும்" என்று சொல்லி, அதை ஜாப் கார்டில் (செய்யவேண்டிய வேலைகளை எழுதும் சீட்டில்) எழுத வையுங்கள். அட்டையில் எம்ஆர்பி, பார்ட் நம்பர், பேக் செய்த மாதம் எல்லாம் இருக்கும். முடிந்தால் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். இன்னொன்று, நிஜமாகவே புது பேட் போட்டிருந்தால் முதல் சில கிலோமீட்டருக்குப் பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். வண்டியை எடுத்த நொடியிலிருந்து முன்பு போலவே பிடித்தால் அதையும் சந்தேகப்படலாம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பையன் தெரியாம பழசை மாட்டிட்டான் சார்" என்றார்கள். தெரியாமல் மாட்டியவன் உப்புத்தாள் எதற்குப் போட்டான் என்றதும் பேட் பணத்தை மட்டும் எடுத்து நீட்டினார்கள். டிஸ்க் பற்றி வாயே திறக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகாரைப் பதிவு செய்தாயிற்று. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. பில், ஜாப் கார்டு, அந்தப் பழைய பேட் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. டிஸ்க் பணம் வருகிற வரை விடுவதாக இல்லை.