ஒரு நூல், நாலு விக்கி: பக்கத்தை எங்கே போடுவது?

கடலூர், பாண்டி இரண்டு ஊரிலுமாக நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள். ஒரு வாரம் இங்கே மஞ்சக்குப்பத்தில், மறுவாரம் பஸ் பிடித்துப் போய் பாண்டி கடற்கரைச் சாலையில். போன மழைக்காலத்தில் ஒருநாள், இந்த இரண்டு ஊரிலும் பிறந்த, வாழ்ந்த எழுத்தாளர்களின் நூல்கள், அவற்றிலிருந்து வந்த படங்கள், இந்தத் தெருக்களில் நடக்கிற கதைகள் எல்லாவற்றுக்கும் விக்கியில் (பலர் சேர்ந்து எழுதித் திருத்துகிற தளம்) ஒழுங்கான பக்கம் வேண்டும் என்று பேச்சு வந்தது. எந்த விக்கியில் என்று கேட்டதும் சண்டையும் வந்தது. நான் விக்கிப்பீடியா என்றேன். கல்லூரி முடித்த தம்பி ஒருவன், "அண்ணே, அங்க போட்டா தூக்கிருவாங்க, ஃபேண்டம்ல போடுங்க" என்றான் (ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளுக்கு விக்கி நடத்துகிற தளம் அது). பாண்டிக்கார அண்ணன், நாமே சொந்தமாக ஒன்று நிறுவிக்கொள்ளலாம் என்றார்.

சரி, வாயால் பேசி ஆகாது என்று இரண்டு நூல்களை எடுத்துக்கொண்டு எல்லா இடத்திலும் முயன்று பார்த்தேன். ஒன்று எங்கள் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. மற்றது பாண்டி அண்ணனின் அப்பா 1980களில் சொந்தக் காசில் அச்சிட்ட நாடக நூல், மொத்தமே 80 பக்கம், எங்களைத் தவிர யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

முதலில் தமிழ் விக்கிப்பீடியா. 2003 முதல் இருக்கிறது, ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல் சேர்ந்துவிட்டது, தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். ஜெயகாந்தன் நாவலுக்கு ஏற்கெனவே பக்கம் இருப்பதால் நான் என் மணல்தொட்டியில் முதலிலிருந்து எழுதிப் பழகினேன் (மணல்தொட்டி என்பது ஒவ்வொரு பயனருக்கும் கிடைக்கிற கிறுக்கல் பக்கம், புதிதாக வருகிறவர்கள் அதைத் தாண்டி நேரே கட்டுரைக்குப் போவதுதான் பாதி வம்புக்குக் காரணம்). எழுத உட்கார்ந்ததுமே தலைப்பில் முட்டியது. அந்தப் பெயரில் நாவல் இருக்கிறது. அதை வைத்து பீம்சிங் இயக்கிய 1977 படம் இருக்கிறது. நாவலோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் 2022இல் அதே பெயரில் இன்னொரு படமும் வந்துவிட்டது. மூன்றையும் பிரிக்க அடைப்புக்குறிக்குள் 'புதினம்', 'திரைப்படம்' என்று போடவேண்டும், ஒரே பெயரில் இரண்டு படம் என்றால் ஆண்டையும் சேர்க்கவேண்டும், அப்புறம் மூன்றுக்கும் வழிகாட்ட ஒரு பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம். இதைச் செய்யாமல் ஒரே பக்கத்தில் நாவலையும் படத்தையும் போட்டுக் குழப்பினால் விருதெல்லாம் இடம் மாறிவிடும். 1972இன் சாகித்திய அகாதமி விருது நாவலுக்கு, லட்சுமிக்குக் கிடைத்த தேசிய விருது படத்துக்கு. இரண்டும் ஒரே பட்டியலில் கிடந்தால் படிக்கிறவன் எதை எதற்கு என்று எடுத்துக்கொள்வான்?

அடுத்தது தகவல் பெட்டி. வலது பக்கத்தில் அட்டைப்படத்தோடு நிற்குமே, அது. நூலுக்கு ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், ஐ.எஸ்.பி.என்.; படத்துக்கு இயக்கம், தயாரிப்பு, கதை, இசை, நடிப்பு, வெளியீடு. நான் இங்கேதான் நன்றாக வழுக்கினேன். கையில் இருந்த பிரதியின் பின்பக்கத்தைப் பார்த்து ஆண்டைப் போட்டேன், அது எட்டாவது பதிப்பு. விருது வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் நாவலே வெளிவந்தது என்று என் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது! தமிழ் நூல்களில் முதல் பதிப்பு ஆண்டைத் தேடுவதே ஒரு வேலை, தொடராக வந்தது வேறு, நூலானது வேறு. பழைய நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இருக்காது, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

கைபேசியில் தகவல் பெட்டி போடுவது தனிப் பாடு. வார்ப்புருவுக்கு (இந்தப் பெட்டி மாதிரி முன்பே செய்து வைத்த அச்சு) இரட்டை நெளி அடைப்பு, ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு நெட்டுக்கோடு. அந்த நெட்டுக்கோடு தமிழ் விசைப்பலகையில் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம். ஒரு அடைப்பை மூட மறந்தால் பெட்டி உடைந்து எழுத்தெல்லாம் பக்கத்தில் சிந்திக் கிடக்கும். கணினியில் விஷுவல் எடிட்டரைத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை, படிவம் மாதிரி நிரப்பிக்கொண்டு போகலாம். இன்னொன்று, படைப்பின் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவது ஆங்கில வழக்கம், இரண்டு ஒற்றைக்குறி வைத்தால் சாய்ந்துவிடும். தமிழ் எழுத்து சாய்ந்தால் காற்றில் முறிந்த வாழை மாதிரி இருக்கிறது. நான் மேற்கோள் குறிதான் போடுகிறேன்.

கதைச்சுருக்கம் எழுதுவதில் நமக்கு ஒரு பரம்பரைப் பழக்கம் உண்டு. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதை எழுதி, முக்கியமான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அதே மாதிரி விக்கிப்பீடியாவிலும் பலர் 'அவர்கள் சேர்ந்தார்களா என்பதே மீதிக் கதை' என்று நிறுத்திவிடுகிறார்கள். கலைக்களஞ்சியத்தில் முடிவையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள், பழைய படத்தில் யார் யார் வேலை செய்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட விவரங்கள், பழைய படங்களைப் பற்றி ராண்டார் கை எழுதிய பத்திகள் ஆகியவற்றையும் சான்றாக வைக்கலாம். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியம்தான் 1950இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'பொன்முடி' என்ற படமானது. இந்த மாதிரி ஒரு வரியை நூலின் பக்கத்திலும் படத்தின் பக்கத்திலும் சான்றோடு போட்டு இரண்டையும் இணைத்துவிட்டால், வேலை நடந்திருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்வேன்.

அட்டைப்படம், சுவரொட்டிக்குக் காப்புரிமை உண்டு, எல்லா விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிப்பொதுவகத்தில் ஏற்றக்கூடாது. தமிழ் விக்கிப்பீடியாவிலேயே சிறிய அளவில், நியாயமான பயன்பாடு என்று காரணம் எழுதி ஏற்றலாம்.

அண்ணனின் அப்பா எழுதிய நாடகத்தை இதே விக்கிப்பீடியாவில் நினைத்துப் பார்த்தேன். நூல் நல்ல நூல்தான். ஆனால் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் மதிப்புரை இல்லை, விருது இல்லை, வேறொருவர் எழுதிய கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை. குறிப்பிடத்தக்கமை என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், அதில் இது நிற்காது. அந்த நாடகத்தில் நடித்த ஒரு பெரியவர் வில்லியனூரில் இருக்கிறார், அவரைப் பார்த்து அரைமணி நேரம் பேசி ஒலிப்பதிவும் செய்தேன். அதையும் அங்கே சான்றாகக் காட்டமுடியாது, நம்பகமான இடத்தில் வெளியானதைத்தான் கேட்பார்கள். அண்ணனுக்கு இது வருத்தம். "எங்கப்பா எழுதினது பொய்யா?" என்றார். பொய் இல்லை அண்ணே, அந்த வீட்டுக்கு வாசல் வேறு என்றேன்.

அப்போது தம்பி தன் ஃபேண்டமைக் காட்டினான். 2004இல் விக்கிசிட்டீஸ் என்று ஆரம்பித்து, விக்கியா ஆகி, 2016இல் ஃபேண்டம் ஆன தளம். அங்கே குறிப்பிடத்தக்கமை கிடையாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும், ஒவ்வொரு ஊருக்கும், கதையில் வருகிற நாய்க்குட்டிக்கும்கூடத் தனிப் பக்கம் போடலாம். ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் வூக்கிபீடியா அப்படித்தான் லட்சம் பக்கத்தைத் தாண்டி நிற்கிறது. முதன்மைக் கதைக்கு ஒரு தாவல் (டேப்), பழைய நாவல்களின் கதைக்கு இன்னொரு தாவல் என்று ஒரே பாத்திரத்தைப் பிரித்துக் காட்டுகிற அழகைப் பார்த்து எனக்கே ஆசை வந்தது. 'லைஃப் ஆஃப் பை' நாவலில் மிருகக்காட்சி சாலை இருப்பது நம் பாண்டி தாவரவியல் பூங்காவில். கதையில் அந்த இடம் எப்படி, நிஜத்தில் எப்படி, 2012 படத்தில் எப்படிக் காட்டினார்கள் என்று ஊர்க்காரன் ஒருவன் நடந்து பார்த்து எழுதினால் விக்கிப்பீடியா அதைச் சொந்த ஆய்வு என்று தள்ளிவிடும், ஃபேண்டமில் அது தலைப்புக் கட்டுரை ஆகும்.

ஆனாலும் தம்பியிடம் நான் ஒத்துப்போகவில்லை. அந்த வீடு கூட்டத்தை நம்பிக் கட்டியது. ஆயிரம் பேர் தினம் வந்து திருத்தினால்தான் லட்சம் பக்கம் நிற்கும். நாங்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேருக்குத் தட்டச்சு வராது. இடம் இலவசம் என்பதால் விளம்பரம் வரும், கைபேசியில் நாலு வரி படிப்பதற்குள் ஒன்று குறுக்கே நிற்கும். அப்புறம், பிடிக்கவில்லை என்று கிளம்பினாலும் பழைய விக்கி அங்கேயே கிடக்கும். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் விக்கிக்காரர்கள் 2023இல் வெளியேறி வேறு இடத்தில் தொடங்கினார்கள், பழையதும் அங்கே அப்படியே இருக்கிறது. தேடுகிறவன் எதில் போய் விழுவான் என்பது அவன் அதிர்ஷ்டம். விளம்பரம் வேண்டாம் என்றால் மிராஹீஸ் என்ற விக்கித் தளம் உண்டு, விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறார்கள், ஆனால் கொஞ்ச காலம் யாரும் தொடாவிட்டால் மூடிவிடுவார்கள். எங்கள் குழு பொங்கலுக்கும் தேர்வு மாதத்துக்கும் காணாமல் போகிற குழு.

இலக்கியம் என்றால் 2022இல் ஜெயமோகன் முன்னின்று தொடங்கிய தமிழ் விக்கியைச் சொல்லாமல் விட்டால் பாண்டி அண்ணன் கோபித்துக்கொள்வார். நூல்கள், எழுத்தாளர்கள், பண்பாடு பற்றி நீளமாக, ஒரே நடையில், ஆசிரியர் குழு பார்த்துச் சரிசெய்து வெளியிடுகிறார்கள். படிக்க சுகம். ஆனால் பெயர் விக்கியாக இருந்தாலும், போகிற வழியில் யார் வேண்டுமானாலும் நுழைந்து ஆண்டைத் திருத்திவிட்டுப் போகமுடியாது. எனக்கு விக்கி என்றால் அந்தத் 'தொகு' பொத்தான்தான். அண்ணனோ, "கண்டவன் கைவைக்காம இருக்குதே, அதுதான்டா நல்லது" என்கிறார். இதில் எங்களுக்குள் சமாதானம் ஆகவில்லை.

சொந்தமாக நிறுவுவதற்கு இரண்டு வழி பார்த்தோம். மீடியாவிக்கி என்றால் விக்கிப்பீடியாவை ஓட்டுகிற அதே மென்பொருள், தரவுத்தளம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், கதவைத் திறந்து வைத்தால் எரிதக் குப்பை (ஸ்பேம்) வந்து கொட்டும். விக்கிப்பீடியாவில் போடுகிற தகவல் பெட்டி இங்கேயும் தானாக வரும் என்று நினைத்துவிடாதீர்கள், வார்ப்புருக்களை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யவேண்டும், ஒன்றைக் கொண்டுவந்தால் அது இன்னும் பத்தைக் கேட்கும். டோக்குவிக்கி எளிது. தரவுத்தளமே கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு, அந்த அடைவை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டால் காப்பு நகல் தயார். ஒரு வேடிக்கை: மீடியாவிக்கியில் சமக்குறி கூடக் கூடத் தலைப்பு சிறுத்துக்கொண்டே போகும், டோக்குவிக்கியில் கூடக் கூடப் பெருக்கும். இரண்டிலும் மாறி மாறி எழுதிய வாரம் என் தலைப்பெல்லாம் தலைகீழாகக் கிடந்தது. தகவல் பெட்டிக்குப் பதிலாகச் சின்ன அட்டவணை போட்டுச் சமாளித்தோம், பார்க்க அழகில்லை, ஆனால் உடைவதும் இல்லை.

விக்கிமூலம், விக்கித்தரவு இரண்டும் இந்தப் போட்டியிலேயே இல்லை. விக்கிமூலத்தில் நூலின் மூலப் பாடத்தையே ஏற்றுவார்கள். நாட்டுடைமையான பாரதிதாசனுக்குச் சரி, 2015இல் மறைந்த ஜெயகாந்தனுக்குக் காப்புரிமையின் 60 ஆண்டுக் கணக்கு இன்னும் பல காலம் ஓடும். விவரங்களை மட்டும் சேமித்து வைக்கிற விக்கித்தரவில் படைப்புக்கு ஓர் உருப்படி, பதிப்புக்கு இன்னோர் உருப்படி என்று பிரித்து வைப்பார்கள். அந்த முறை முன்பே எனக்குத் தெரிந்திருந்தால் எட்டாவது பதிப்பு ஆண்டில் விழுந்திருக்கமாட்டேன்.

கடைசியில் எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. நாவலுக்கும் அதன் படத்துக்கும் விக்கிப்பீடியா. புதிதாக எழுத ஒன்றும் இல்லை, இருக்கிற பக்கங்களில் ஆண்டும் சான்றும் சரிபார்க்கிற வேலைதான், சந்தேகம் வந்தால் ஆலமரத்தடியில் கேட்டுக்கொள்ளலாம் (அங்கே பொது விவாதப் பக்கத்துக்கு அதுதான் பெயர், எனக்கு மிகவும் பிடித்த பெயர்). நாடக நூல் டோக்குவிக்கிக்குப் போனது. 14 பக்கம் ஆகியிருக்கிறது: பாத்திரங்கள், மேடையேறிய இடங்கள், வில்லியனூர்ப் பெரியவர் பேசியது முழுதும், அண்ணன் வீட்டுப் பரணில் கிடைத்த நோட்டீஸ் ஒன்று. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பாத்திரப் பக்கங்களை ஃபேண்டம் பாணியில் அவன்தான் அடுக்கினான், நன்றாகவே இருக்கிறது.

போன ஞாயிறு அண்ணன் புதிதாக ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் ஏதோ ஒரு வார இதழில் அப்பாவின் நாடகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்களாம், அம்மா கத்தரித்து வைத்திருந்த ஞாபகமாம். தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் முதலில் இதழின் பெயரும் தேதியும் கத்தரிப்பில் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன், இல்லாவிட்டால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ரோமன் ரோலன் நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டவேண்டியதுதான்.