சுங்கை சிப்புட்டில் பழைய கடிதம் படித்துத் தரும் கடை: படிக்கக் கொடுங்கள், குடும்ப மரம் கேட்காதீர்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. ஏன் என்று பாதிக்கு மேல் படித்தால் புரியும். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பாசார் (சந்தை) பக்கம் போய், "பழைய கடுதாசி படிக்கிற ஐயா" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள்.

அம்மா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டிய ஒரு கட்டு. உள்ளே தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த ஐந்து கடிதங்கள், அவருடைய பழைய அடையாள அட்டை, தோட்டத் தொழிலாளர்கள் பங்கு போட்டுத் தோட்டம் வாங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு ஒன்று, பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிய உயில். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான், தினமும் பேப்பர் வாசிப்பவள்தான். ஆனாலும் அந்தக் கடிதங்களில் ஒரு வரிகூட முழுதாக ஓடவில்லை. எழுத்துக்குப் புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஓட்டுத்தையல் போட்ட மாதிரி ஒரே இழையாகப் போகிறது.

கடை முன்பக்கம் சாதாரண போட்டோகாப்பிக் கடை. பாஸ்போர்ட் படம், பாரம் நிரப்புவது எல்லாம் அங்கே. பின்னால் ஒரு மேசை, குழல் விளக்கு, பூதக்கண்ணாடி. அங்கேதான் ஐயா உட்கார்ந்திருப்பார். தோட்டத்தில் கிராணியாக (ஆபீஸ் எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டிவிட்டார். முன்பக்கம் அவர் மகளுடையது. ஒரு பக்கம் படித்துத் தட்டச்சு செய்து தர 12 வெள்ளி. குடும்ப மரம் வரைந்து சட்டம் போட்டுத் தர 150 வெள்ளி. நான் இரண்டுக்கும் பணம் கட்டினேன்.

முதல் கடிதத்தை விரித்ததும் ஐயா எழுத்தைப் பார்க்கவில்லை, தலைப்பைத்தான் பார்த்தார். "தாது௵ ஆவணி௴ ௧௨௳" என்று இருந்தது. வருடம், மாதம், நாள் மூன்றுக்கும் அந்தக் காலத்தில் ஒற்றைக் குறிதான், ௧௨ என்றால் 12. சரி, தாது என்றால் எந்த ஆண்டு? அறுபது வருடத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். "ஒரு தாது 1876, பஞ்சம் வந்த வருசம். அடுத்தது 1936. இதிலே எதும்மா?" என்று என்னையே கேட்டார். நான் முழித்தேன். உறையைத் திருப்பித் தபால்தலையைக் காட்டினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். அவர் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டாலும் இந்தியாவில் தலை உடனே மாறவில்லையாம். முத்திரையின் ஓரத்தில் 36 என்பது கண்ணாடி வைத்தால் தெரிந்தது. ஆக, 1936 ஆகஸ்ட் கடைசி.

இது சின்ன விஷயம் இல்லை. தாத்தா 1940இல், ஊரிலிருந்து கூலிக்கு ஆள் திரட்டி வரும் கங்காணியோடு, ரஜூலா கப்பலில் வந்தார் என்று என் மாமா கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். தோட்டக் கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இலேயே நிறுத்திவிட்டது என்றார் ஐயா. கடிதமோ 1936இலேயே தோட்டத்து விலாசத்துக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்தது ஊர். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அனுப்பியவர் விலாசத்தில் "திருச்சினாப்பள்ளி ஜில்லா முசிறி தாலூகா தொட்டியம் தபால் ஷெ கிராமம்" என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைச் 'சேகிராமம்' என்று படித்து வைத்திருந்தார்கள். மாமா ஒரு தடவை திருச்சிக்குப் போய், பஸ் நிலையத்தில் சேகிராமத்துக்கு எந்த பஸ் என்று விசாரித்துவிட்டு, சமயபுரம் கோயிலைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தவர். ஐயா அந்த எழுத்தின் மேல் பென்சிலை வைத்தார். "இது ஊர்ப் பேர் இல்லேம்மா. ஷெ என்றால் மேற்படி. மேலே சொன்ன அதே ஊர்." பத்திரங்களில் ௸ என்று சுழித்துப் போடுவார்களே, அதேதான். ஊர் தொட்டியம். இத்தனை வருடமும் அந்த வரியிலேயேதான் இருந்திருக்கிறது.

அடையாள அட்டையில் தாத்தாவின் தகப்பன் பெயராக இருப்பது ஒன்று. கடிதத்தில் "தகப்பன் எழுதிக்கொண்டது" என்று தொடங்கும் இடத்தில் இருப்பது வேறொன்று. நான் பயந்தே போய்விட்டேன். ஐயா அசரவில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அதுவரை பள்ளியில் படித்த கதை. அப்புறம் அவர் சொன்னது அவருக்கு முன்னால் இருந்த பெரிய கிராணி சொன்ன கதை. பதிய வந்தவர்கள் கேட்கக் கேட்க, ஆபீசில் செக்ரோலை (கூலியாட்களின் பெயர்ப் பதிவேட்டை) பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். செக்ரோலில் ஆட்கள் கங்காணி வாரியாக இருப்பார்கள். அவசரத்தில் தலைப்பில் இருந்த கங்காணியின் பெயர் பலருக்கு அப்பன் பெயராகிவிட்டது. "நாங்க எழுதினதுதான் உங்களுக்கு வம்சம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். வருத்தமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

உயிலையும் அவரே படித்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. பங்குச் சீட்டை யாருக்கு என்று தாத்தா எழுதியிருக்கிறார் தெரியுமா? "ஊரில் இருக்கும் என் தமக்கை மகனுக்கு." அப்படி ஒரு அக்காள் இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. 1936 கடிதத்தின் கடைசியில் "உன் தமக்கைக்கு ஆண் பிள்ளை பிறந்து ஆறு மாதம்" என்ற வரியைப் படித்தபோது ஐயா நிறுத்தி, உயிலை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு தாளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சீட்டு ஊருக்குப் போகவே இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கும் சின்னத் தாத்தாவுக்கும் உயிலில் ஒரு பங்கு இருக்கிறது. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சி போட்டவருக்கு எழுதியது செல்லாதாம். அது வக்கீலிடம் கேட்க வேண்டியது என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

கப்பல் பட்டியலில் பெயர் தேடித் தருவீர்களா என்று கேட்டேன். முடியாது என்று நேராகச் சொன்னார். மொரிஷியஸ், பிஜிக்கு ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கு ஆள் அப்பன் பெயர், ஊர், உடம்பில் இருந்த தழும்புவரை எழுதி வைத்திருக்கிறார்களாம். கங்காணி கூட்டி வந்தவர்களுக்கு அந்த மாதிரி எதிர்பார்க்காதே என்றார். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன, ஆனால் அங்கே பெயரைச் சொல்லித் தாத்தாவைக் கேட்க முடியாது, தோட்டத்தைத்தான் கேட்கலாம் என்றார். எனக்கு இந்த நேர்மை பிடித்தது. வேறு யாராவது இருந்தால் ஐந்நூறு வெள்ளி வாங்கியிருப்பார்கள்.

இனி குறை. குடும்ப மரம் ஏழு வாரம் கழித்து வந்தது. இரண்டு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். வந்ததில் தாத்தாவுக்கு மேலே கங்காணியின் பெயர்! ஐயா படித்ததை முன்பக்கம் யாரும் கேட்கவில்லை, அட்டையைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்கள். அத்தையின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்து, ஒரு அத்தை இரண்டு அத்தையாகிவிட்டார். இதையாவது திருத்தலாம். திருத்தவே முடியாதது ஒன்று நடந்தது. கடையில் உதவிக்கு இருக்கும் பையன், நல்லது செய்வதாக நினைத்து, 1936 கடிதத்தின் அசலைச் சூடு வைத்து லேமினேட் செய்துவிட்டான். மடிப்பில் இருந்த கிழிசல் உள்ளே கோணலாகப் படிந்து, ஒரு வரியே மறைந்துவிட்டது. பிரிக்கவும் எங்களுக்கு வழி தெரியவில்லை. துணி என்றால் தையலைப் பிரித்து மறுபடி ஒட்டுப் போடுவேன். மகள் மன்னிப்புக் கேட்டு, மரத்துக்கு வாங்கியதில் 100 வெள்ளியைத் திருப்பித் தந்தார். பையனைத் திட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

படிப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. மரத்துக்கு ஒன்றரை, அதுவும் சட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்காக. மரத்தை நீங்களே ஒரு பெரிய தாளில் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பு வந்தால் அழிக்கலாம். காலையில் பத்து மணிக்குள் போங்கள், மதியத்துக்கு மேல் ஐயாவுக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. கடிதத்தை மட்டும் கொண்டுபோகாமல் உறையையும் கொண்டுபோங்கள், எங்களுக்கு ஆண்டு கிடைத்தது உறையிலிருந்துதான்.

இன்னும் இரண்டு கடிதம் அவரிடம் இருக்கிறது. மை வெளுத்துவிட்டதால் வெயில் நன்றாக அடிக்கும் நாளில் வாசலில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். உறையின் மேல் 'லேமினேட் கூடாது' என்று சிவப்பு நூலில் தைத்த ஒரு துணிப் பட்டையைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.