ரெண்டு கம்பியோடு தண்ணீர் டெஸ்ட் பண்ண வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு "இலவசமா தண்ணி டெஸ்ட் பண்றோம்க்கா" என்று யாராவது வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன், 18,500 ரூபாய் போச்சு.

எங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடிக்க அது, மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், அரை மணி நேரம் பக்கெட்டில் விட்டால் பழுப்பாகி அடியில் செம்மண் கரைத்த மாதிரி படியும். எங்கள் வீட்டில் வெள்ளைச் சட்டை என்று ஒன்று கிடையாது. நடுவில் மெட்ரோ தண்ணீரில் சாக்கடை வாடை அடித்ததால் ஒரு மாதமாகக் கேன் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து வந்தார்கள் ரெண்டு பேர்.

ஒரு டம்ளரில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது உப்பை வடிகட்டும் மெஷினில் எடுத்தது. பிளக்கில் செருகும் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரெண்டு டம்ளரிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார்கள். ஒரே நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக நுரைத்து, கூவத்தை மொண்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர்களுடையது அப்படியே இருந்தது. "இதையா இத்தனை நாள் குடிச்சோம்" என்று அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் விற்கும் ஆர்ஓ மெஷினுக்கு அன்றைக்கே பாதிப் பணம், வீட்டில் மாட்டிய அன்று மீதி.

மெஷின் மேல் ஆர்ஓ, யூவி, ஓசோன் ஆக்சிடேஷன் என்று பெரிதாக ஸ்டிக்கர். "போர் தண்ணியே கொடுங்கக்கா, இரும்பெல்லாம் ஆக்சிடேஷன்ல போயிடும்" என்றார்கள். உள்ளே நீலமாக ஒரு லைட் எரியும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் மீட்டரை விட்டு "பாருங்க, டிடிஎஸ் 1,600 இருந்தது 38 ஆயிடுச்சு" என்று காட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்றே மாதத்தில் நூல் மாதிரி ஊற்ற ஆரம்பித்தது. ஒரு சொம்பு நிறைய முக்கால் மணி நேரம். போன் செய்தால் "மெம்பரேன் போச்சு மேடம், உங்க தண்ணி அப்படி" என்று 3,200 வாங்கிப் புதிது போட்டார்கள். மெம்பரேன் என்றால் உள்ளே உப்பைப் பிடித்து நிறுத்தும் சவ்வு. அது ரெண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மறுபடி 3,200 கேட்டார்கள். அப்போதுதான் மணலியில் வாட்டர் பிளான்ட் வேலை பார்க்கும் ஒரு அண்ணனைத் தெரிந்தவர் மூலம் கூப்பிட்டேன்.

அவர் ஹவுசிங்கைத் திறந்து மெம்பரேனை வெளியே இழுத்தார். மருதாணியை அரைத்து அப்பிய மாதிரி சுற்றிலும் வழவழவென்று துரு. விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார், ரெண்டு நாள் நகக்கண்ணில் போகவில்லை. "யம்மா, பூமிக்குள்ள காத்து கிடையாது, அங்க இரும்பு தண்ணியில கரைஞ்சே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேல வந்து காத்து பட்டாதான் துருவாகி வெளிய வரும். அந்த வேலைய மெம்பரேனுக்கு முன்னாடியே முடிச்சு, மணல்ல வடிகட்டிட்டுதான் இதுக்குள்ள விடணும். ஆக்சிடேஷன்னா அதான். இதுல மெம்பரேனுக்கு அப்புறம் ஒரு லைட்ட மாட்டி வெச்சிருக்கான்." அந்த ஓசோன் என்பது பத்து ரூபாய் நீல எல்இடி பல்பு. கார்பன் பில்டரும் பாதி காலி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், கார்பன் அதைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அதுவே மெம்பரேனை அரித்துவிடுமாம்.

காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்க 2010ல் ஒரு ஆலை திறந்தார்களே, நாளைக்குப் பத்து கோடி லிட்டர் எடுக்கக் கட்டியது, அங்கேயும் இதே மெம்பரேன்தான், அங்கேயும் முதலில் வடிகட்டிவிட்டுத்தான் அதற்குள் தள்ளும் ஏற்பாடு. ஆர்ஓ மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் போர் உப்பு, அதற்கு ஆர்ஓ வேண்டும்தான். ஆனால் மெட்ரோ தண்ணீரை அந்த அண்ணன் அளந்தபோது டிடிஎஸ் 410தான் காட்டியது. 500க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ வேண்டாம் என்று 2019ல் பசுமைத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது. ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிற மெஷினை, குடம் வைத்து வரிசையில் நிற்கிற ஊரில் விற்கிறார்கள். அந்த டிடிஎஸ் மீட்டரும் கரைந்திருக்கிற உப்பு மொத்தத்தைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா, சாக்கடை கலந்திருக்கிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

சரி, அந்தக் கம்பி விஷயம். அக்கா பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். கதையைக் கேட்டுவிட்டு எங்கேயோ அதே மாதிரிக் கம்பிப் பெட்டி ஒன்றைக் கடன் வாங்கி வந்தான். சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் இறக்கினான், ஒன்றும் ஆகவில்லை. "சித்தி, ஒரு சிட்டிகை உப்பு குடுங்க" என்றான். சமையல் உப்புதான், போட்டுக் கலக்கிவிட்டு சுவிட்சைப் போட்டதும் அதே பச்சை, அதே பழுப்பு, அதே நுரை. கம்பி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கரண்ட் பாய்ந்தால் கம்பி கரையும், அந்த அழுக்கு மொத்தமும் கம்பியிலிருந்து வருவது. அத்தை டம்ளரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த ரெண்டு பேரையும் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பில் என்று அவர்கள் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. அதைக் கவனிக்காதது என் தப்பு. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். அதன்பிறகு அவர்களாகவே போன் செய்து, 4,000 தருகிறோம், மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கொடுக்கவில்லை. துரு பிடித்த அந்த மெம்பரேனையும் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன்.